நாலு மணி வண்டி

...முடியை இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறார்கள், கண்ணாடியில் பார்த்தால் அதுதான் முதலில் தெரிகிறது, இரண்டு வயதுகூட நிறையாத குழந்தைக்கு இவ்வளவு முடியா, மூன்று ரப்பர் பேண்ட் போட்டும் அடங்காமல் தோளில் விழுகிறது, போன வருஷமே இறங்கியிருக்க வேண்டிய முடி, இதே வண்டியில் நான்தான் கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்க வேண்டும்... பீளமேட்டில் கிளம்பும்போது மணி ஐந்தே முக்கால், நவ்யாவின் அம்மா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், நான் ஏற்றினேன், பழம் நசுங்குகிற சத்தம் எனக்கு எப்போதும் கேட்கும், வண்டிக்குள் இருப்பவர்களுக்குக் கேட்குமா என்று யாரிடமும் கேட்டதில்லை. பதினான்கு சீட் வண்டியில் மூன்றே பேர், நவ்யா, அவள் அம்மா, பாப்பா. போன வருஷம் பேசும்போது ஆறு பேர், மாமனார் சென்னியப்பன், மாமியார் பாவாத்தாள், புருஷன் தரணிதரன், இந்த மூன்று பேரும் குறைந்துபோனார்கள். குறைந்துபோனார்கள் என்று நான் சொல்கிறேன், பேப்பரில் 'தோட்டத்து வீட்டில் புகுந்து ஒரே குடும்பத்தில் மூவர் கொலை, நகை கொள்ளை' என்று போட்டிருந்தது, கீழே வீட்டின் படம், வாசலில் செருப்புகள், அதற்கு வலது பக்கம் வேப்பமரம், அந்த மரத்தடியில்தான் வெள்ளிக்கிழமை காலை நாலு மணிக்கு என் வண்டி நின்றிருக்க வேண்டும்.

சரவணம்பட்டி சிக்னலில் ஆளே இல்லை, இருந்தாலும் சிவப்புக்கு நின்றேன், இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடித்ததில்லை, இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம், இப்போது சொல்வதில்லை. ஏன் இந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள்? கோயமுத்தூரில் வண்டிக்கா பஞ்சம்? போன வாரம் போன் வந்தது, "பிரான்சிஸ் அண்ணாங்களா, நான் நவ்யா பேசறனுங்க, சூலூர் தோட்டத்து மருமக" என்றாள், ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் என் மனைவி அன்புச்செல்வியும் கேட்டுக்கொண்டிருந்தாள். "வருஷம் முடிஞ்சுதுங்ணா. பாப்பாவுக்கு மொட்டை போட்டுடலாம்னு. மாமா பேசி வெச்ச வண்டியிலயே போகோணும்னு எனக்கு ஒரு எண்ணம்" என்றாள். மறுக்க என்ன காரணம் சொல்ல முடியும், வேறு ட்ரிப் இருக்கிறது என்றா, அந்தப் பொய்யை நான் ஒரு தடவை சொல்லிவிட்டேன், இனி ஆயுசுக்கும் வாயில் வராது. சரிங்க அம்மணி என்றேன். எல்லாவற்றுக்கும் நான் சொல்வது அதுதான்.

எனக்குக் குலதெய்வம் கிடையாது, தாத்தா காலத்திலேயே எங்கள் ஆட்கள் சர்ச்சுக்குப் போய்விட்டார்கள், அதற்கு முன்னால் இந்த மாதிரித் தோட்டங்களில் களை வெட்டியவர்கள், நான் அதே தோட்டங்களின் வாசல் வரைக்கும் வண்டியோடு போகிறேன், டம்ளரில் காபி கொடுக்கிறார்கள், ஏனுங்க வாங்க என்கிறார்கள். டேஷ்போர்டில் மாதா படம் வைத்துக்கொண்டு ஊரில் உள்ள அத்தனை குலசாமி கோயிலுக்கும் வழி தெரிந்து வைத்திருக்கிறேன். அவர்கள் முறையும் தெரியும். மாமன் மச்சான் வீட்டில் சாவு என்றால் தீட்டு இல்லை, பங்காளி வீட்டில் சாவு என்றால், அவன் எந்தக் கண்டத்தில் இருந்தாலும், முகத்தையே பார்த்திராவிட்டாலும் தீட்டு, கோயில் வாசலை மிதிக்க மாட்டார்கள், முதல் நாள் ராத்திரி போன் வரும், ட்ரிப் கேன்சல். எங்களுக்கு இது மழை மாதிரி, யாரையும் நொந்துகொள்ள முடியாது. அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான். பம்பாயில் யாரோ ஒரு பங்காளி, சென்னியப்பனுக்குக் கல்யாணமாவதற்கு முன்பே ஊரைவிட்டுப் போனவர், அவர் அங்கே கண்ணை மூட, இங்கே ஒரு குழந்தையின் மொட்டை நின்றுபோனது... மொட்டை மட்டுமா நின்றது?

கோவில்பாளையம் தாண்டிவிட்டது, வானம் மூடிக் கிடக்கிறது, கார்த்திகை மாதத்து மேகம், பெய்யவும் பெய்யாது விலகவும் விலகாது. பாலுசாமியிடம் நான் புதன்கிழமையே சொல்லிவிட்டேன், சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரியில், சொன்னேன் என்றால் ரகசியமாகவா, சும்மா, பேக்கரியில் நின்றால் வாய் சும்மா இருக்குமா. பாலுசாமிக்கு மோட்டார் காயில் கட்டுகிற வேலை, கிணற்று மோட்டார், போர் மோட்டார் எல்லாம் கட்டுவான், என்னைவிட நாலு வயது மூத்தவன், நல்ல கைக்காரன், பாலுண்ணா என்றுதான் கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமை வண்டி எங்கே என்றான், சூலூர் தோட்டத்துக்காரங்க வீட்டோட சத்தி பக்கம் கோயிலுக்குப் போறாங்க, பேத்திக்கு மொட்டை என்றேன். "அட, அந்தத் தோட்டத்து மோட்டாரு நான் கட்டுனதுதானப்பா, நல்ல மனுசனுங்க" என்றான். நல்ல மனுஷனுங்க என்றுதான் சொன்னான், அந்தக் குரலை எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன், அதில் ஒன்றும் இல்லை, டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்கிறது என்கிற மாதிரிதான் சொன்னான்.

அது புதன்கிழமை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, ஊரில் யார் எங்கே போகிறார்கள் என்று சொல்லாத டிரைவர் யார். வியாழக்கிழமை சாயங்காலம் அதே பேக்கரியில் பாலுசாமி கேட்டான், நாளைக்குக் காலையில் மச்சினனுக்குப் பெண் பார்க்க உடுமலை போகணும், வண்டி வருமா, டீசல் மட்டும் போட்டுவிடுகிறேன் என்று. அவன் சொந்தக்காரர்களை ஒரு தடவை பழனிக்குக் கூட்டிப்போய் நான் பட்டபாடு, ஒரு கிழவர் சீட்டில் வாந்தி எடுத்து, அதைக் கழுவ ரெண்டு நாள்... ட்ரிப் இருக்குதுங்ணா, நேத்தே சொன்னனே என்றேன், நிம்மதியாகச் சொன்னேன், அப்போது அது உண்மைதானே. சொல்லி ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, போன் அடிக்கிறது, சென்னியப்பன். பங்காளி தவறிவிட்டார், தீட்டு, ட்ரிப் வேண்டாம் என்றார், இன்னும் ஒரு வார்த்தை சொன்னார், நான் "சரிங்க, சரிங்க, பரவால்லீங்க" என்று வைத்தேன். "யாருப்பா?" என்றான் பாலுசாமி. கையில் டீ கிளாஸ், எதிரே அவன் முகம், ட்ரிப் கேன்சல் என்று சொன்னால் உடுமலை போக வேண்டும், ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, வாய் தானாகச் சொன்னது. "நாளைக்கு ட்ரிப்புக்காரங்கதானுங்ணா, நாலு மணிக்கு டான்னு வந்துரச் சொல்றாங்க."

அன்னூரில் வேகத்தடை, பாப்பா விழித்துவிட்டாள், நவ்யா தட்டிக்கொடுக்கிறாள், இந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்காது, ஐடி கம்பெனியில் வேலை, மூன்று மாதம் வேலைக்கே போகவில்லை என்று கேள்விப்பட்டேன், இப்போது போகிறாளாம். அன்று ராத்திரி குழந்தையோடு பீளமேட்டில் அம்மா வீட்டில் இருந்ததால் தப்பினாள், நாலு மணிக்குத் தோட்டத்தில் கிளம்பி வழியில் இவர்களை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. அவளிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனை நாளாக நினைக்கிறேன்? சொன்னால் என்ன ஆகும், கோர்ட்டு, போலீஸ், அதெல்லாம்கூடப் போகட்டும், இந்தப் பெண் என்னைப் பார்க்கிற பார்வை... சொல்லாவிட்டால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, அதுதான் தாங்க முடியவில்லை, ஒன்றுமே ஆகாமல் நான் இப்படியே வண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். போகும்போதா, வரும்போதா என்பதுதான் முடிவாகவில்லை. போகும்போது சொன்னால் மொட்டை கெடும், வரும்போது சொன்னால் மொட்டை முடிந்த பின் இவன் சொல்கிறானே என்று இருக்கும், பார், இதிலும் சாக்கு.

சொன்ன பொய்யாவது வாயோடு போயிருக்கலாம். அதைக் காப்பாற்ற நான் செய்த வேலை இருக்கிறதே. என் வண்டி எப்போதும் வீட்டு வாசலில்தான் நிற்கும், பாலுசாமி வீடு இரண்டு சந்து தள்ளி, அவன் எங்கே போனாலும் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், காலையில் வண்டி நிற்பதைப் பார்த்தால் என்ன நினைப்பான், பொய் சொல்லிவிட்டான் என்று நாலு பேரிடம் சொல்ல மாட்டானா, மானம் போகாதா. வியாழக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய், பீளமேட்டில் மூடிப்போன ஒரு மில்லுக்குள் விட்டேன், வாட்ச்மேன் மைதீன் பிச்சை பழக்கம், "என்ன பாய், ஒரு ராத்திரி இருக்கட்டும்" என்றேன், "நிறுத்துங்க, யாரு கேக்கப்போறா" என்றார். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து தூங்கினேன், எனக்கே சிரிப்பாக இருந்தது, சின்னப் பையன் மாதிரி ஒளிகிறோமே என்று. காலையில் ஒன்பது மணி வரைக்கும் தூங்கினேன், பல மாதத்துக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம், அன்புச்செல்வி ஆப்பம் சுட்டாள். நாலு மணிக்கு என் வாசலைத் தாண்டி பைக்கில் போன பாலுசாமி வண்டி இல்லாததைப் பார்த்திருக்கிறான், கூட இன்னும் இரண்டு பேர். வண்டி கிளம்பிவிட்டது, வீடு காலி. காலி வீட்டுக்குத்தான் போனார்கள், கத்திகூட எடுத்துப் போகவில்லை என்று கேஸில் இருக்கிறது, கடப்பாரை மட்டும், பூட்டை நெம்ப. தோட்டத்து நாய்க்கு அவனைத் தெரியும், குரைக்கவில்லை. நாலரைக்கு மூணு பேஸ் கரண்ட் வரும், தண்ணி பாய்ச்ச மோட்டார் போட எழுந்த சென்னியப்பன் வாசலில் டார்ச் அடித்திருக்கிறார். "யாருங்க, பாலுசாமிங்களா, இந்நேரத்துல?" என்று கேட்டிருப்பார், அவர் அப்படித்தான், மரியாதை இல்லாமல் ஒரு வார்த்தை வராது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதுதான். அப்புறம் சத்தம் கேட்டு எழுந்து வந்தவர்கள்.

புளியம்பட்டியில் நிறுத்தச் சொன்னாள், குழந்தைக்குப் பால் ஆற்றிக் கொடுக்க. நான் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லாவிட்டாலும் தட்டுவது பழக்கம். கொலை நடந்த இரண்டாம் நாள் போலீஸ் கூப்பிட்டார்கள், சென்னியப்பன் போனில் கடைசி நம்பர் என்னுடையது. ட்ரிப் கேன்சலா, ஆமாங்க சார், எத்தனை மணிக்கு, ஆறரைக்குங்க சார், இந்த ட்ரிப்பைப் பத்தி யாருகிட்டயாவது சொன்னியா, இல்லீங்க சார். அப்போது அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, பாலுசாமி என் நினைவிலேயே இல்லை, யார் நினைப்பார்கள். பேக்கரிக்கு வந்து நான்தான் எல்லோரிடமும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன், ட்ரிப் மட்டும் கேன்சல் ஆகாமல் இருந்திருந்தால் மூணு உயிரும் இருந்திருக்குமே, எங்கேயோ ஒரு பங்காளி செத்து இங்கே தீட்டாகிப்போச்சே என்று. பாலுசாமியும் அங்கேதான் நின்றான். "கேன்சலா? எப்பக் கேன்சலாச்சு?" என்றான். வியாழக்கிழமை சாயங்காலமேங்ணா, நம்ம டீ குடிச்சிட்டிருக்கறப்ப ஒரு போன் வந்துதே என்றேன், சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது, அய்யோ, பொய் மாட்டிக்கொண்டது. "எங்கிட்ட ட்ரிப் இருக்குதுன்னு சொன்னியேப்பா" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மன்னிச்சுக்கங்ணா, உடுமலை வர்றதுக்குச் சோம்பல் பட்டுட்டு சொல்லிப்போட்டேன், வண்டியக்கூட மில்லுல கொண்டுபோயி உட்டுப்போட்டேன்" என்று சிரித்தேன். சிரித்தேன், ஆமாம். அவன் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். ஒரு சவாரிக்கா இவ்வளவு கோபம் என்று நினைத்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த வாரம் அவனைப் பிடித்தார்கள், நகையை விற்கப் போன இடத்தில் கூட்டாளி ஒருவன் மாட்டி, அவன் மூலமாக இவன்.

பிடிபட்டவன் என் பெயரைச் சொல்லவில்லை. வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, மோட்டார் கட்டப் போனபோது தரணிதரனே சொன்னார் என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். ஏன்? என்மேல் என்ன பாசம்? ஒருவேளை தரணிதரன் உண்மையிலேயே சொல்லியிருப்பாரோ, அப்படியென்றால் நான் சொன்னதற்குக் கணக்கில்லை... ஆனால் வண்டி? வண்டி இல்லாததைப் பார்க்காமல் போயிருப்பார்களா? அதைவிட ஒன்று இருக்கிறது, அந்த மச்சினன். பாலுசாமிக்கு மச்சினன் உண்டா, உடுமலையில் பெண் பார்க்கப் போனார்களா, இல்லை ட்ரிப் உறுதிதானா என்று என் வாயைக் கிளற அப்படி ஒரு மச்சினனை உண்டாக்கினானா? அவன் மனைவி இரண்டு சந்து தள்ளித்தான் இருக்கிறாள், பனியன் கம்பெனிக்குப் போகிறாள், என்னைப் பார்த்தால் தலை குனிந்துகொள்கிறாள், ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும், ஏம்மணி, உனக்குத் தம்பி இருக்கறானா என்று. ஒரு வருஷமாகக் கேட்கவில்லை. இருந்தாலும் கஷ்டம், இல்லாவிட்டாலும் கஷ்டம்.

மறுபடி ஏறும்போது நவ்யா முன் சீட்டுக்கு வந்துவிட்டாள், "அம்மா தூங்கட்டுங்ணா, பாப்பாவுக்கு முன்னாடி உக்காந்தாத்தான் வாந்தி வராது" என்றாள். குழந்தை மடியில் நின்றுகொண்டு மாதா படத்தைத் தொடுகிறது, முடி என் கியர் கைமேல் உரசுகிறது. இரண்டு பக்கமும் வாழை, கரும்பு, தூரத்தில் மலை நீலமாக எழும்ப ஆரம்பித்துவிட்டது. நவ்யா ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "ஏனுங்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா?" கேளுங்க அம்மணி என்றேன். "அன்னிக்கு மாமா கடைசியா பேசுனது உங்ககிட்டத்தான். அப்புறம் யாருக்கும் போன் பண்ணலீங்க. எங்கிட்டக் கோயிலுக்குப் போகலைன்னு சொன்னது அவருதான், அதான் எங்க ஊட்டுக்காரரு, அது மாமா உங்ககிட்டப் பேசறதுக்கு முந்தியே. மாமா என்ன சொன்னாருங்ணா? அப்படியே சொல்லுங்க."

சொல்லத் தெரியாதா? ஒரு எழுத்து மறக்கவில்லையே. "ஏனுங்க பிரான்சிஸ், நான் சென்னியப்பன் பேசறனுங்க. பம்பாயில எங்க பங்காளி ஒருத்தரு தவறிட்டாருங்க, தீட்டாயிப்போச்சு. காலையில நீங்க பாட்டுக்கு வந்து நின்னுபோடாதீங்க, உங்களுக்குத்தான் செரமம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன், என் குரலில் அவர் குரல் வந்துவிட்டது, அவர் இழுக்கிற மாதிரியே இழுக்கிறேன், நவ்யா கண்ணை மூடிக்கொண்டாள், "எழவுக்கும் போகல, கோயிலுக்கும் போகல, ஊட்டுலதான் இருக்கறமுங்க." அவ்வளவுதான். சொல்லி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, இந்தக் கடைசி வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதே இல்லை, போலீஸிடம் சொல்லவில்லை, அன்புச்செல்வியிடம் சொல்லவில்லை, டீ கிளாஸோடு எதிரே நின்றவன் யாருப்பா என்று கேட்டபோது சொல்லவில்லை. ஊட்டுலதான் இருக்காங்களாமுங்ணா. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. எவ்வளவு லேசாக வருகிறது இப்போது. நவ்யா அழவில்லை, "ஊட்டுலதான் இருக்கறமுங்க" என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், முகத்தில் சந்தோஷம் மாதிரி ஒன்று, அவர் குரல் கேட்டுவிட்ட சந்தோஷம். "நீங்க என்ன சொன்னீங்ணா?" என்றாள். சரிங்கன்னு சொன்னனுங்க. "அப்ப எங்க இருந்தீங்க?" பேக்கரியில அம்மணி, டீ குடிச்சிட்டு இருந்தேன். "தனியாவா?" என்று கேட்பாள் என்று காத்திருந்தேன், கேட்டால் சொல்லிவிடுவேன், சத்தியமாகச் சொல்லிவிடுவேன்... அவள் கேட்கவில்லை. குழந்தையின் ரப்பர் பேண்டை அவிழ்த்துவிட்டு, இன்னிக்கு ஒரு நாள்தானே என்று முடியைப் பிரித்துவிட்டாள்.

சத்தியமங்கலத்தில் பவானிப் பாலம் தாண்டி இடது கை மண் ரோட்டில் மூன்று கிலோமீட்டர், கோயில் வந்துவிட்டது, சின்னக் கோயில், முன்னால் வெட்டவெளி, அந்தப் பக்கம் புளியமரங்கள். நவ்யாவின் தம்பி ஈரோட்டிலிருந்து நேராக பைக்கில் வந்து நின்றிருக்கிறான், அவன் மடியில் வைத்துத்தான் முடி இறக்க வேண்டும், நாவிதர் கிண்ணத்தில் தண்ணீரோடு தயார், இன்னும் சொந்தக்காரர்கள் வரவேண்டும். இறக்கிவிட்டேன். நவ்யா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாலு அடி போயிருப்பாள், "அம்மணி" என்று கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டேன். திரும்பினாள். பிரித்துவிட்ட முடி குழந்தையின் முகத்தில் விழுந்திருந்தது, அதை ஒதுக்கிக்கொண்டே, "சொல்லுங்ணா" என்றாள். சொல்ல வேண்டியது நுனி நாக்கில்தான் இருந்தது. "வண்டிய அந்தப் புளியமரத்துக்குப் பின்னால நெழல்ல போட்டுடறனுங்க" என்றேன்.

அவள் வானத்தைப் பார்த்தாள். "வெயிலே இல்லீங்களேண்ணா" என்றாள், "இங்கயே நிக்கட்டுங்க, வர்றவங்களுக்கு வண்டியப் பார்த்தாத்தானே நாம வந்துட்டம்னு தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குள் போனாள். வெயில் இல்லைதான். எனக்கும் தெரியும், கோவில்பாளையத்திலிருந்து பார்த்துக்கொண்டுதானே வந்தேன். பிறகு எதற்கு நிழல்? உள்ளே குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது, முதல் தண்ணீர் தலையில் பட்டிருக்கும். ரிவர்ஸ் கியர் ஏற்கெனவே விழுந்திருந்தது, கண்ணாடியில் புளியமரம் தெரிந்தது, நான் பிரேக்கில் கால் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.